இன்ஜின் இருக்கட்டும், பல்சக்கரத்தை மாற்றுங்கள்

அமெரிக்காவில் பழைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வாங்குகிறவர்களில் சிலர், அதன் ஆறு சிலிண்டர் இன்ஜினைக் கழற்றிவிட்டு வி-8 ஏற்றத் துடிக்கிறார்கள். அவசரம் வேண்டாம். 1965 முதல் 1996 வரை ஃபோர்டு பிக்கப்களில் வந்த அந்த 4.9 லிட்டர் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டை ஏழு மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன. கேம் ஷாஃப்டைச் சுழற்றச் செயினுக்குப் பதில் பல்சக்கரங்கள். குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை. சுமை வண்டிக்கு வேறென்ன வேண்டும்? குறையும் உண்டு. கேம் பல்சக்கரம் ஃபைபரால் ஆனது. வயதானால் பல் உதிரலாம். உலோகச் சக்கரம் பொருத்தினால் கொஞ்சம் சத்தம் கூடும், ஆயுளும் கூடும். பலவீனம் தெரிந்து செய்யும் இதுவே உருப்படியான மாற்றம். வெறும் உறுமலுக்காக இன்ஜினையே மாற்றினால், மவுண்ட், ரேடியேட்டர், கியர்பாக்ஸ் என்று செலவு அனுமார் வாலாக நீளும்.