ஏரிக்கரை ஓய்வு யாருக்கு?

டிசம்பர் வந்தால் போதும், நம்மவர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் ஒரே பேச்சு: "ரிட்டயர் ஆனதும் மூணாறு பக்கம் ஏரி தெரியிற மாதிரி ஒரு வீடு வாங்கிப் போட்டுடணும்." ஆசைப்படுங்க, தப்பில்லை. ஆனால் மாட்டுப்பெட்டி ஏரியைச் சுற்றி அதே பனியில் ஆயுசு முழுக்கக் கொழுந்து கிள்ளிய தமிழ்த் தம்பதிக்கு ரிட்டயர்மெண்ட் என்றால் என்ன தெரியுமா? லயத்தைக் காலி பண்ணுவது. பிள்ளைகளில் ஒருத்தர் தோட்ட வேலைக்கு வந்தால் வீடு தங்கும். இல்லாவிட்டால், பாட்டன் காலத்தில் விட்டு வந்த ஊரில் போய் வாடகை வீடு தேட வேண்டியதுதான்.

1951-ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலையில் இருப்பவருக்கு வீடு கொடுக்கச் சொன்னது. ஓய்வு பெற்றவரைக் கண்டுகொள்ளவில்லை.

"நாமும் குவார்ட்டர்ஸைத் திருப்பித்தானே கொடுக்கிறோம்?" என்பீர்கள். நமக்கு வீடு வாங்குகிற சம்பளம் வந்ததே, சார்! 2015-ல் பெம்பிளை ஒருமை பெண்கள் மூணாறை மறித்தபோது அவர்கள் தினக்கூலி 232 ரூபாய்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். அதற்கப்புறம்தான் எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியார்வாலியில் சொந்த நிலமும் வீடும் கிடைத்தன. மற்றவர்களுக்கும் ரிட்டயர் ஆகிற நாளில் பட்டா கொடுங்கள். அதற்கும் ஒரு மலை சரிய வேண்டுமா?