எல்லாளன் போர் இனப்போரா?

அனுராதபுரத்தை ஆண்ட எல்லாளனுக்கும் அவனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனுவுக்கும் அங்கே நடந்த போரைத் தமிழ், சிங்களத் தேசங்களின் முதல் மோதலாக இரு தரப்பாருமே எழுதிவருகிறார்கள். தெற்கே அது விடுதலைப் போர். நம் பக்கம் அது முதல் வீழ்ச்சி. இரு தரப்புக்கும் ஆதாரம் மகாவம்சம் என்ற பாளி வரலாற்றுக் காவியம். அந்த நூலே இக்கூற்றைத் தாங்காது.

போர் நடந்தது கி.மு. 2ஆம் நூற்றாண்டில். மகாவம்சம் எழுதப்பட்டது கி.பி. 5ஆம் நூற்றாண்டு வாக்கில். அதற்கு முந்தைய தீபவம்சம் சில வரிகளில் முடித்த கதை, மகாவம்சத்தில் பல அதிகாரங்களுக்கு நீள்கிறது. அப்படி வளர்ந்த காவியத்தைப் போர்க்களத்தின் நேரடி நினைவாக எப்படி ஏற்பது?

அணிகள் இனவாரியாகப் பிரிந்து நின்றன என்பார்கள். எதிரிகளைத் தமிழர் என்றே மகாவம்சம் குறிப்பிடுகிறது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் துட்டகைமுனுவின் பத்துப் பெருவீரர்களில் ஒருவனான நந்திமித்திரன், எல்லாளனின் சேனாதிபதிக்குச் சகோதரி மகன் என்பதும் அதே நூலில்தான் இருக்கிறது. எல்லாளனை எதிர்க்கப் புறப்படுமுன் துட்டகைமுனு தன் தம்பியோடு பொருதினான். அதிலும் பல்லாயிரவர் மடிந்தனர். எல்லாளன் விழுந்த இடத்திலோ வென்றவனே நினைவுச்சின்னம் எழுப்பி, வழிபாட்டுக்கும் ஏற்பாடு செய்தான்.

போரில் மாண்டவர்களை எண்ணித் துயருற்ற அரசனைப் பிக்குகள் தேற்றும் பகுதியைத்தான் இனவெறிக்குச் சான்றாகப் பலரும் காட்டுகிறார்கள். இறந்தவர்களில் மனிதர் ஒன்றரைப் பேர்தாம் என்கிறார்கள் பிக்குகள்: மும்மணிகளைச் சரணடைந்த ஒருவன், பஞ்சசீலம் ஏற்ற இன்னொருவன். படிக்கும்போது மனம் பதறுகிறது. ஆனாலும் அந்தக் கொடிய கணக்கு மனிதரைப் பிரிப்பது சமயத்தால். மொழியோ குருதியோ அங்கே அளவுகோல் அல்ல.

அந்த இனப்பகை அறுபடாமல் தொடர்ந்தது என்பதும் நிற்காது. 1739இல் கண்டி அரியணை தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வழியினரிடம் சென்றது. அவர்களில் ஒருவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் ஆட்சியில்தான், 1753இல் சயாம் நாட்டுப் பிக்குகள் வந்து உபசம்பதா எனும் முழுத் துறவேற்பை இலங்கைக்கு மீட்டுத் தந்தார்கள்.

1837இல் மகாவம்சத்துக்கு டர்னர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியானது. பிறகு ஆரியர், திராவிடர் என்ற இனக் கோட்பாடும், குடிகளை இனமாக எண்ணிய காலனியக் கணக்கெடுப்பும் சேர்ந்து அந்தப் பழைய போருக்குப் புதுப் பொருள் கொடுத்தன. எல்லாளனைத் தமிழ்த் தேசத்தின் முதல் மன்னனாக முடிசூட்டும் நம் எழுத்தாளர்களும் அந்தப் பொருளையே ஏற்றுக்கொண்டார்கள். மகாவம்சம் காட்டும் எல்லாளன் சோழநாட்டிலிருந்து வந்து, பகைவருக்கும் நண்பருக்கும் ஒரே நீதி வழங்கி, 44 ஆண்டுகள் அனுராதபுரத்தை ஆண்ட அரசன்.