நாய்க்கும் ஓர் இடம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மலைநாட்டுப் பயணம் பற்றிய பேச்சு வீடுதோறும் எழுவது வழக்கம். பிள்ளைகள் பெட்டி அடுக்கத் தொடங்கியதும், வாசற்படியிற் படுத்திருக்கும் நாய் தலையை நிமிர்த்திப் பார்க்கும். "இதனை என்ன செய்வது?" என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கும். எமது வீட்டிலும் அது பிறந்தது. பிள்ளைகளின் கண்ணீர் வென்றது. எங்கள் மணியும் ஹோட்டன் சமவெளிப் பயணத்திற் சேர்ந்துகொண்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சமவெளிக்குள் நாய்க்கு அனுமதி இல்லை. ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள அந்நிலம் 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. இத்தடையைக் கொடுமை எனல் தகாது. 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், வேட்டைநாய்களை ஏவி மரைகளைத் துரத்தியது இந்த மேட்டுநிலத்திலேதான். இன்று மரைகள் அங்கே மனிதரைக் கண்டும் வெருளாமல் மேய்கின்றன. அவ்வமைதியைக் குலைக்க ஒரு நாயின் குரைப்புப் போதும். நாயின் நோய்கள் காட்டு விலங்குகளைப் பற்றுவதும் உண்டு.

ஆகவே, நாய்க்குரிய இடம் விடுதியே. "நாயைக் கொண்டு வரலாமா?" என்று தொலைபேசியிற் கேட்டோம், "தாராளமாக" என்றார்கள். போய்ச் சேர்ந்தபோது காட்டப்பட்டதோ, வளவின் கோடியில் ஒரு திறந்த கொட்டில்! மாலையிலே பணியாளர் ஒருவர் மெல்ல அருகில் வந்து, "ஐயா, ராவிலே அங்கே கட்டிப்போடாதீங்க, புலி வர்ற இடம்" என்றார். மலைநாட்டு மக்கள் சிறுத்தையைப் புலி என்றே சொல்வர். தோட்டப்புறங்களில் நாய்கள் அதற்கு இரையாவது புதுமையன்று. முகாமையாளரை மன்றாடி மணியை எமது அறைக்குள்ளே சேர்த்தோம். குளிரில் நடுங்கிய அதற்குப் பிள்ளைகள் தங்கள் போர்வையொன்றைக் கொடுத்தனர்.

உலக முடிவின் பள்ளத்தாக்கை மூடுபனி மறைக்குமுன் காண அதிகாலையிலேயே செல்லவேண்டும். சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். அத்தனை நேரம் நாயை வாகனத்திற் பூட்டிவைத்தல் பெரும் பிழை. நாம் இரண்டு நாள் தங்கி, பெரியவர்கள் முறைவைத்து மணியுடன் இருந்தோம்.

நாயோடு செல்ல விரும்பும் வாசகர்கள் இடம் உண்டா என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. இரவில் நாய் எங்கே உறங்கும், அவ்விடத்துக்குக் கதவு உண்டா, வளவைச் சுற்றி வேலி உண்டா என்று கேட்டறிதல் வேண்டும். விசர்நாய்க்கடித் தடுப்பூசியைக் காலத்தோடு போட்டு, அதற்கான அட்டையையும் எடுத்துச் செல்லல் நன்று. விடுதியார் தரும் மறுமொழி மனத்துக்கு நிறைவு தராவிடின், நாயை நம்பிக்கையான அயலவரிடம் விட்டுச் செல்வதே அன்பு.

எமது கட்டிலின் கீழே அந்த இரவு மணி நிம்மதியாக உறங்கியது. நாமோ, கொட்டிலை நினைந்து விடியும்வரை கண் மூடவில்லை.