மாணவர் அஞ்சலும் நம் பதிலும்

அரையாண்டு தொடங்கினால் விரிவுரையாளர் அறைகளில் கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான்: பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் எழுதத் தெரியவில்லை. தலைப்பு இல்லை, பெயர் இல்லை, பதிவிலக்கம் இல்லை. பாடசாலை நாளில் விளையாட்டாகத் தொடங்கிய முகவரியிலிருந்து ‘சேர் ஒப்படை’ என்று இரண்டே சொல். கூடவே கைபேசியில் எடுத்த நாலைந்து படங்கள். முறைப்பாடு பொய்யல்ல. பெரிய வகுப்பொன்றில் அது யாருடைய ஒப்படை என்று தேடியே அரைநாள் போய்விடும்.

ஆனால் அப்படி வரும் படமொன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு போட்ட தாளில் கையால் எழுதிய விண்ணப்பம். மேலே முகவரி, திகதி, ‘துறைத்தலைவர் ஊடாக’, பிறகு ‘பெருமதிப்புக்குரிய ஐயா’, காய்ச்சலால் வரமுடியாத நாட்கள், கடைசியில் ‘இங்ஙனம்’ என்று கையொப்பம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த கடித முறை அப்படியே இருக்கிறது. அதையே அஞ்சலுக்குள் தட்டச்சு செய்யலாம் என்றுதான் அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான வந்தாறுமூலை வளாகமானாலும் வேறெந்த வளாகமானாலும், விரிவுரையாளரின் கதவைத் தட்டிப் பேசுவதே நெடுநாள் பழக்கம். 2020 மார்ச்சில் கொவிட் தொற்றால் நாடெங்கும் வளாகங்கள் மூடப்பட்டன. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு சூம் வகுப்புகளுக்கு வழிசெய்தது. தொலைபேசி நிறுவனங்கள் அதற்கு இலவசத் தரவு தந்தன. பாடம் நடந்தது. கடிதப் போக்குவரத்தோ வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. வகுப்புப் பிரதிநிதி தூதுவரானார். படுவான்கரைக் கிராமமொன்றில் சிக்னல் கிடைத்த நேரத்தில் அனுப்பிய செய்தி இரவு 11 மணிக்கு வந்தால், நேரங்காலம் தெரியாத பிள்ளை என்று முகம் சுளித்தோம்.

இதைவிடப் பெரிய குறை நம் பக்கத்து மௌனம். புள்ளி பற்றிக் கேட்ட அஞ்சலுக்குப் பதிலில்லை, இரண்டாவதுக்கும் இல்லை, மூன்றாவது வந்தால் தொல்லை என்கிறோம். ‘பார்த்தேன், வெள்ளிக்கிழமை சொல்கிறேன்’ என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டப்படி, மின்வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஆவணத்தின் வலுவை மறுக்க முடியாது. மருத்துவச் சான்றிதழ் எப்போது கிடைத்தது என்ற பிணக்கு பீடச் சபை வரை போகும்போது கைகொடுப்பது அஞ்சல்தான். பிரதிநிதியின் பழைய கைபேசியோடு தொலைந்த குரற்செய்தியை அங்கே காட்ட முடியாது.

மொழியையும் சொல்லவேண்டும். அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. அப்படியிருந்தும், தமிழில் எழுதினால் சேர் குறைவாக நினைப்பாரோ என்று கலைப்பீடத்துப் பிள்ளைகூட இரவல் ஆங்கிலத்தில் தடுமாறுகிறது. தமிழில் வந்ததற்குத் தமிழிலேயே பதில் எழுதினால் அந்தப் பயம் போகும். சிங்கள மாணவரும் படிக்கும் வகுப்பில், எந்தெந்த மொழியில் எழுதலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடலாம். பணிவுச் சொற்களை எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. யார், எந்தப் பாடம், என்ன வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

அடுத்த அரையாண்டுப் பாடக் கையேட்டில் மாதிரி அஞ்சல் ஒன்றைச் சேருங்கள். அதன் கீழே, எத்தனை நாளுக்குள் நீங்கள் பதில் தருவீர்கள் என்பதையும் எழுதிக் கையொப்பமிடுங்கள்.