ஆட்டுச் சீரமும் மனிதக் கிட்டும்

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் நினைவுக்கு வரும். அங்கே கால்நடை மருத்துவம் பார்ப்பவர்களுக்கு முந்திரித் தோப்பு. தளிரும் பூவும் எடுக்கும் மாதங்களில் தேயிலைக் கொசுவுக்கு மருந்து அடிக்கிறார்கள். அதில் ஆர்கனோபாஸ்பேட் வகையும் உண்டு. ஆடுகள் மேய்வதும் அந்த மரங்களின் அடியில்தான். எச்சில் ஒழுக, கண்பாவை சுருங்க, சதை துடிக்க ஓர் ஆடு வந்தால், சீரம் பிரித்து டவுனில் உள்ள மனித ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கோலினெஸ்டரேஸ் 'மிகக் குறைவு' என்று அறிக்கை வரும். விஷம் என்று பதிந்துவிடுவோம்.

நலமான ஆட்டின் சீரத்தை அனுப்பியிருந்தாலும் அறிக்கை அப்படித்தான் வந்திருக்கும்.

மனித ஆய்வுக்கூடம் வழக்கமாக அளப்பது பிளாஸ்மாவில் உள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸை. மனிதர், நாய், குதிரை ஆகியோரின் பிளாஸ்மாவில் அது தாராளம். ஆடு மாடுகளிடம் மிகக் கொஞ்சம். அவற்றின் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸின் பெரும்பங்கு சிவப்பணுச் சவ்வில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸாக ஒட்டியிருக்கிறது. சீரம் பிரிக்கும்போது அளக்க வேண்டியதை உறைகட்டியோடு சேர்த்துக் கொட்டிவிடுகிறோம். (எஸ்ஜிபிடி கதையும் இதுவே. நாய்க்கு நல்ல கல்லீரல் சோதனை. ஆட்டுக் கல்லீரலில் அது குறைவு என்பதால் ஜிஜிடி, ஜிஎல்டிஎச் பார்ப்பதே பயன்.)

ஹெபாரின் கலந்த முழு ரத்தத்தை ஐஸில் வைத்து, அசிட்டைல்தயோகோலின் கொண்டு அளக்கும் கூடத்துக்கு அனுப்புங்கள். 1961இல் எல்மன் குழு வகுத்த முறை நிறத்தை 412 நானோமீட்டரில் படிக்கிறது. ஹீமோகுளோபினும் அங்கே ஒளியை உறிஞ்சும். ரத்தத்தை நீர்க்கச் செய்து, அந்தப் பங்கைக் கழிக்கத் தெரிந்த கூடமாகப் பாருங்கள். தோப்புக்குப் போகாத, அதே இன ஆடு ஒன்றின் ரத்தமும் கூடவே போகட்டும். அதில் பாதிக்கும் கீழே இருந்தால் சந்தேகம் வலுக்கும். கார்பமேட் விஷமானால் நொதி குழாயிலேயே மீண்டுவிடும்; தாமதித்த மாதிரி நலம் என்று பொய் சொல்லும். ஆர்கனோபாஸ்பேட் அப்படி எளிதில் விடாது. பிழைத்த ஆட்டிலும் புதிய சிவப்பணுக்கள் வரும்வரை அளவு தாழ்ந்தே இருப்பதால், சில நாள் கழித்து வரும் இழப்பீட்டு வழக்குக்கும் சோதனை உதவும்.

ஆட்ரோபின் போட அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். விருத்தாசலம், பண்ருட்டிப் பகுதி மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மருந்தடிப்புத் தொடங்கும் முன் நலமான ஆடுகளின் முழு ரத்த அளவுகளை, எந்தக் கிட், எந்த வெப்பநிலை என்ற குறிப்போடு எழுதி அனுப்புங்கள். வெளியிடுகிறோம்.