ஊசியைக் கணக்கில் எடுக்காத வரலாறு

மட்டாஞ்சேரி யூதத் தெருவைப் பற்றி எழுதப்படுவனவற்றில் பெரும்பகுதி ஒரே வாக்கியத்தின் மறுபதிப்பு: இன்னும் இத்தனை பேரே எஞ்சியுள்ளனர். 1568இல் எழுந்த பரதேசி தொழுகைக்கூடம், அதன் மணிக்கூண்டு, நீல ஓவியம் தீட்டிய தரை ஓடுகள், அப்புறம் தலைக்கணக்கு. சாரா கோகன் 2019இல் தமது 96ஆம் வயதில் மறைந்தபோதும் இரங்கற்குறிப்புகள் இந்தத் தடத்தை விட்டு விலகவில்லை. அவரது கடையின் பெயரிலேயே கைத்தையல் இருந்தது. கிப்பா என்னும் தொழுகைத் தொப்பிகளையும், ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணிகளையும் அவர் பூவேலை செய்து விற்றார். முதுமையில் தம்மைப் பேணிய இஸ்லாமியருக்கு அத்தொழிலைக் கற்றும் கொடுத்தார். மத நல்லிணக்கத்துக்குச் சான்றாக இது பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதே. ஆனால் அவர் எந்தத் தையலை எங்கே இட்டார், தொப்பியின் துண்டுகளை எப்படி வெட்டினார், யாரிடம் கற்றார் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

இந்தப் பாராமுகம் தற்செயலானதன்று. சிறியது, பெண்கள் வீட்டிலிருந்து செய்வது, ஆகவே பொழுதுபோக்கு என்ற கணக்கு ஆய்வுலகில் இன்றும் செல்லுபடியாகிறது. அக்கணக்கின் கடைசிப் படியில் நிற்பது பொம்மைக்கு உடை தைக்கும் வேலை. கருத்தரங்கில் அதைச் சொன்னால் சிரிப்பு எழும். சிரிப்பவர்கள் ஒருமுறை தைத்துப் பார்க்கலாம்.

விக்டோரியா காலத்துப் பாவாடை ஒன்றைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைப்பதாகக் கொள்வோம். அளவு குறையும்; துணியின் கனம் குறையாது. பெரிய பாவாடையில் தானாக விழும் மடிப்பு, சிறியதில் அட்டைபோல் விறைத்து நிற்கும். எனவே மஸ்லின், மெல்லிய பட்டு போன்றவையே உதவும். அவையோ வெட்டிய இடத்தில் பிசிர்விடும். தையலுக்கு விடும் ஓரமும் சில மில்லிமீட்டர்தான். சற்றே தடித்த ஊசி நுழைந்தால் இழை விலகித் துளை நிலைத்துவிடும். எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதைத் தையற்காரர் எவரும் அறிவர். எந்தத் துணிக்கு எந்த எண் என்பது விரல்களில் தங்கிய அறிவு. இதை அறிவு என்று ஒப்புக்கொள்ளத் தயங்குபவர்களே, சோழர் செப்புத்திருமேனியின் வார்ப்பு நுட்பத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர்.

பொம்மை உடை ஆவணமாக மாறிய இடமும் உண்டு. இளவரசியாக இருந்த விக்டோரியாவும் அவரைப் பேணிய லேசென் அம்மையாரும் 1830களின் தொடக்கத்தில் 132 மரப்பொம்மைகளுக்கு உடை தைத்தனர். அவற்றுள் 32 இளவரசி கைப்படத் தைத்தவை. எந்தப் பொம்மைக்கு என்ன பெயர், அது யாரைக் குறிக்கிறது, உடுத்திவிட்டவர் யார் என்பதற்குக் குறிப்பேடே இருந்தது. 1890களில் அவற்றைப் பற்றிப் புத்தகமும் வந்தது.

அதே காலத்தில், கொச்சிக்குத் தெற்கே திருவிதாங்கூரின் நாகர்கோவிலில், லண்டன் மிஷனின் மார்த்தா மால்ட் தொடங்கிய பள்ளியில் சிறுமிகள் ரேந்தை பின்னினர். தலையணையில் ஊசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் வேலை. விக்டோரியா காலச் சட்டைக் கழுத்திலும், அதைப் பார்த்துத் தைத்த பொம்மைச் சட்டையின் ஓரத்திலும் அமர்வது இவ்வகைப் பின்னலே. அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் அந்தக் கூலியைக் கொண்டு தம் விடுதலையை வாங்கினர். மேலாடைக்காக நாடார் பெண்கள் அடிபட்ட நிலம் அது. 1859இல் வந்த அரசப் பிரகடனமும், உயர்சாதிப் பெண்கள் அணிவதுபோல் அணியலாகாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. இவ்வளவும் நூலோடும் துணியோடும் பிணைந்திருக்க, நினைவில் நிற்பது மால்ட் அம்மையாரின் பெயர் மட்டும். லண்டனில் பொம்மைகளுக்கே பெயர்ப்பதிவு இருந்தது. நாகர்கோவிலில் பின்னிய சிறுமிகளுள் எத்தனை பேரின் பெயரை நம் மாணவர்கள் அறிவர்?

பிற்காலக் கதையும் வேறன்று. 1959இல் சந்தைக்கு வந்த பார்பியின் உடைகளை ஜப்பானில் வீட்டிலிருந்தபடி வேலை செய்த பெண்கள் தைத்தனர். பெட்டியில் இருந்தது நிறுவனத்தின் பெயர்.

ஆவணம் இல்லாதபோது எதை எழுதுவது என்பது வழக்கமான மறுப்பு. ஆவணம் என்றால் தாள் என்று கொண்டதால் வரும் மறுப்பு இது. ஒரு கிப்பாவின் உட்புறத்தைத் திருப்பினால் முடிச்சு தெரியும், பிரித்துத் தைத்த இடம் தெரியும், நூல் தீர்ந்து வேறு நூல் தொடங்கிய இடம் தெரியும். அதைப் படிக்கக் கற்பிக்கும் பாடம் நம் வரலாற்றுத் துறைகளில் எங்கே இருக்கிறது? யூதத் தெருவுக்குக் களப்பணிக்கு வரும் மாணவர், எத்தனை பேர் எஞ்சியுள்ளனர் என்ற கேள்வியோடு வருகிறார். ஒரு தொப்பியை விலைக்கு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். ஆய்வேட்டில் அது நன்றியுரைப் பக்கத்துக்குக்கூட வருவதில்லை.