தர்மப் பிரபுவும் வேண்டாம், லத்திக் கம்பும் வேண்டாம்!

“பெற்றவன் வளர்க்க வேண்டும். ஓடிவருகிற பயலுக்கெல்லாம் சர்க்கார் சோறு போட்டுப் படுக்க இடமும் கொடுத்தால், நாளைக்கு ஊரில் ஒரு பயல் வீட்டில் தங்குவானா?”

தெருவில் நிற்கும் பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று பேச்செடுத்தால் போதும், வெள்ளை வேட்டிப் பெரிய மனிதர்கள் இந்தப் பல்லவியைத் தொடங்கிவிடுகிறார்கள். நம் தொழிலாளர்களில் சிலரும் இதற்குப் பின்பாட்டுப் பாடுகிறார்கள் என்பதுதான் வேதனை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

யார் அந்தப் பயல்? மிராசுதார் வீட்டுப் பிள்ளையா? மில் முதலாளியின் மகனா? அவர்கள் வீட்டுப் பிள்ளை கோபித்துக்கொண்டு கிளம்பினால் மாமா வீட்டுக்குப் போவான். மறுநாள் கார் போய் அழைத்துவரும். செங்கற்பட்டு ஜங்ஷன் பிளாட்பாரத்தில் துண்டை விரித்துப் படுக்கிறவன் வேறு வர்க்கம். அவன் அப்பன் செங்கல் சூளையிலோ அரிசி மில்லிலோ முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்டவன். அல்லது கதவடைத்த ஆலைக்கு வெளியே நிற்பவன். அல்லது குடித்துவிட்டு வந்து அடிப்பவன். அந்தக் குடிக்கு 2003 முதல் தானே சில்லறைக் கடை விரித்து உட்கார்ந்திருப்பது யார்? சர்க்கார்! பெற்றவனின் பொறுப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்பவர்கள் இந்தக் கடையின் பக்கம் மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிள்ளைக்குப் படுக்க இடமில்லை என்றால் அவன் எங்கே போவான் என்பதும் ரகசியமல்ல. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்கு மேற்பட்டவனைச் சுரங்கத்திலும் வெடிமருந்திலும் இன்னும் சில அபாயத் தொழில்களிலும்தான் தடுக்கிறது. ஹோட்டலில் தட்டுக் கழுவத் தடையில்லை. ‘சாப்பாடும் படுக்கையும் உண்டு, கூலியைப் பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லும் முதலாளிக்கு வீடில்லாத பிள்ளையைப்போல் லாபமான ஆள் கிடைக்குமா? மேற்கு மாவட்டங்களின் நூற்பு மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, வயசுப் பெண்களை மில் விடுதியில் அடைத்து வேலை வாங்கியதை மில் தொழிலாளிக்கு நான் சொல்ல வேண்டுமா? சர்க்கார் இடம் தராத பிள்ளைக்கு முதலாளி இடம் தருவான். அந்தப் பிள்ளையைக் காட்டியே உன் கூலியையும் குறைப்பான்.

“சரி, காப்பகத்தில்தான் என்ன வாழ்கிறது? அங்கேயும் அடித்துக் கொல்கிறார்களே!” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்வோம்.

செங்கற்பட்டில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சீர்திருத்தப் பள்ளி உண்டு. பெயர்ப் பலகை பலமுறை மாறியது. சுவரும் பூட்டும் மாறவில்லை. 2022 டிசம்பர் கடைசியில், ரயில்வே பாட்டரியைத் திருடினான் என்று பிடிக்கப்பட்ட 17 வயதுப் பையன் ஒருவனை இங்குள்ள அரசினர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். டிசம்பர் 31 அன்று அவன் பிணமானான். உடம்பெல்லாம் காயம். 2023 ஜனவரியில் இல்லத்து ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள். அவன் பெயரை எழுதச் சட்டம் இடம் தரவில்லை. உயிரோடிருந்தபோது இந்தச் சட்டம் அவனுக்கு எந்தக் காவலும் தரவில்லை. செத்தபிறகு பெயரை மட்டும் காக்கிறது! அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்தார்கள். அவரும் அறிக்கை கொடுத்தார். இந்த இல்லங்களுக்குத் தனித் துறையே வேண்டும் என்றார்.

அது சர்க்கார் லட்சணம். தர்மப் பிரபுக்களின் லட்சணத்துக்கு மாமல்லபுரம் போவோம். மாமல்லபுரத்துக் காப்பகங்களில் பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாகிறார்கள் என்று 2007-ல் ஒரு பத்திரிகைச் செய்தி வந்தது. அது சுப்ரீம் கோர்ட்டில் வழக்காயிற்று. தீர்ப்பு வந்த நாள் 2017 மே 5. பத்து வருஷம், தோழர்களே! செய்தி வந்தபோது 8 வயதாயிருந்த பிள்ளைக்குத் தீர்ப்பு வந்தபோது 18 வயது. அதற்குள் குழந்தை என்ற கணக்கிலிருந்தே அவன் பெயர் போய்விட்டது. அந்த வருஷம் முடிவதற்குள் எல்லாக் காப்பகங்களையும் பதிவு செய்யவேண்டும், ஆய்வுக் குழுக்கள் போடவேண்டும், காலி வேலைகளை நிரப்பவேண்டும் என்று நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். அப்படியானால் அதுவரை பதிவே இல்லாமல் பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? வெளிநாட்டு நன்கொடைக்கு ரசீது உண்டு, பிள்ளைக்குக் கணக்கில்லை!

இதைப் பார்த்துவிட்டுக் காப்பகமே வேண்டாம் என்பது, ரேஷன் அரிசியில் கல் இருக்கிறது என்று ரேஷன் கடையையே மூடச் சொல்வதற்குச் சமம். கல்லைப் போட்டவனைப் பிடி, அரிசியை விடாதே!

2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தில் ‘திறந்த புகலிடம்’ என்று ஒன்று இருக்கிறது. குற்றம் செய்தான் என்று அடைக்கிற இடமல்ல அது. தெருவிலிருந்து வரும் பிள்ளை கொஞ்ச காலம் தங்கி, தின்று, தூங்கி, வைத்தியம் பார்த்துக்கொண்டு, வீடா பள்ளியா தொழிலா என்று யோசிக்கிற இடம். இதை ஜங்ஷன் பக்கத்திலும் மாமல்லபுரம் பஸ் நிலையத்தின் பக்கத்திலும் சர்க்கார் தானே நடத்தட்டும். ஒப்பந்தக் கூலிக்கு வார்டர் வைக்காமல் நிரந்தர ஊழியர் போடட்டும். சங்கமும் மாதர் அமைப்பும் உள்ளே போய்ப் பார்க்க வழி செய்யட்டும். 18 வயதானவனை மறுநாளே வெளியே தள்ளாமல், விதி சொல்கிறபடி 21 வரை கைகொடுக்கட்டும்.

பணமில்லையாம்! 2022-ல் இதே மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாடுக்கு 92 கோடி ரூபாய் ஒதுக்கியது சர்க்கார். செஸ் ஆடட்டும், நமக்கு விரோதமில்லை. பலகையில் சிப்பாய்க்குக்கூட ஒரு கட்டம் உண்டு. பஸ் நிலையத்துப் பிள்ளைக்கு அதுவும் இல்லையா?

உள்நாட்டு யுத்தத்தில் நொறுங்கிக் கிடந்த சோவியத் நாட்டில் வீடற்ற பிள்ளைகள் லட்சக்கணக்கில் அலைந்தார்கள். 1921-ல் அவர்களுக்கான கமிஷனின் தலைமையை டெர்ஜின்ஸ்கியிடமே ஒப்படைத்தார்கள். மகரெங்கோ என்ற ஆசிரியர் 1920-ல் போல்தாவா அருகே திருட்டுப் பட்டம் சுமந்த பிள்ளைகளை வைத்து ஒரு குடியிருப்பைத் தொடங்கினார். பின்னால் கார்கோவில் அவர் நடத்திய கம்யூனில் அத்தகைய பிள்ளைகளே 1934-ல் காமிரா உற்பத்தி செய்தார்கள். அங்கே எல்லா இல்லமும் அப்படி இருந்தது என்று நான் சொல்லவில்லை. பஞ்சத்தில் இருந்த நாடு எதை முதலில் செய்தது என்பதைச் சொல்கிறேன்.

இப்போது நம் வேலை. பிள்ளை வீட்டைவிட்டுக் கிளம்புமுன்பே தடுக்க ஒரு வழி உண்டு. தகப்பனை இழந்த அல்லது பெற்றோர் தீராத நோயில் விழுந்த ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்க இடமிருக்கிறது. கிராமத்தில் வருஷ வருமானம் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் மனுக் கொடுக்கவேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் ஊர் ஊராக இந்தக் குடும்பங்களின் ஜாபிதாவைத் தயாரிக்கட்டும்.

அநாதையாக நிற்கும் பிள்ளையைக் கண்டால் 1098-க்குப் போன் செய்யுங்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவனைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். போலீஸ் ஜீப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கூட ஒரு தோழர் போகட்டும். எத்தனை மணிக்கு ஒப்படைத்தோம், வாங்கிக்கொண்ட அதிகாரி யார் என்று எழுதி வையுங்கள். மறுநாளும் போய், பிள்ளை எங்கே என்று கேளுங்கள்.